ஒரே காய், மூன்று சமையல்: பருவத்தோடு சமைத்ததில் கற்றவை

அருகில் விளைவதை அதனதன் பருவத்தில் வாங்கிச் சமைப்பது பற்றிய பேச்சு, பெரும்பாலும் எந்த மாதத்தில் எந்தக் காய் கிடைக்கும் என்ற பட்டியலோடு நின்றுவிடுகிறது. பட்டியல் தேவைதான். ஆனால் பல ஆண்டுகளாக இப்படிச் சமைத்துவரும் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. ஒரு காய் வரத்து தொடங்கும்போது ஒரு குணத்தோடும், வரத்து பெருகும்போது வேறு குணத்தோடும், ஓயும்போது இன்னொரு குணத்தோடும் வந்து சேர்கிறது. ஆகவே அதைச் சமைக்கும் முறையும் ஒரே பருவத்துக்குள் மாறிக்கொண்டே வர வேண்டும். செய்முறையை முதலில் முடிவுசெய்துவிட்டுக் காயைத் தேடிப் போகிறவருக்கு இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது.

இதை எனக்குப் புரியவைத்தது பீன்ஸ். அதை நான் நேரடியாக வாங்கும் விவசாயப் பெண்மணி, கூடையிலிருந்து ஒரு காயை எடுத்து என் கண் முன்னால் ஒடித்துக் காட்டிவிட்டுத்தான் எடை போடுவார். முதல் பறிப்புக் காய் பட்டென்று ஒடியும்; ஒடிந்த இடத்தில் நீர் துளிர்க்கும்; உள்ளே விதை இருப்பதே தெரியாது. சில வாரங்கள் கழித்து அதே கொடியின் காயை ஒடித்தால் இரண்டு துண்டும் ஓரத்து நாரில் தொங்கிக்கொண்டிருக்கும். “நாரைப் பாத்துட்டு அப்புறம் அடுப்பப் பத்த வை, கண்ணு” என்று அவர் ஒருமுறை சொன்னதைவிடச் சுருக்கமான சமையல் குறிப்பை நான் கேட்டதில்லை.

முதல் பறிப்புக் காயை நறுக்காமல் முழுதாகக் கொதிக்கும் உப்பு நீரில் போட்டு, பச்சை நிறம் பளிச்சென்று ஏறியதும் எடுத்து, எண்ணெயும் உப்பும் மட்டும் சேர்த்தால் போதும். எலுமிச்சை பிழிவதானால் இலையில் வைக்கும் நேரத்தில் பிழிய வேண்டும். சூட்டோடு புளிப்பும் சேர்ந்தால் பச்சையம் சிதைந்து, காய் சில நிமிடங்களில் பழுப்பேறிவிடும். நடுப்பருவக் காய்க்கு இந்த முறை ஒத்துவராது. நாரை உரித்து, குறுக்காகப் பொடியாக நறுக்கி, வெங்காயத்தோடு மூடிவைத்து நன்றாக வேகவிட்டால்தான் அது தன் சுவையைத் தரும்.

கடைசிப் பறிப்பை முற்றிப்போனது என்று பலர் ஒதுக்குவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தோல் தளர்ந்து, உள்ளே விதைகள் புடைத்துத் தெரியும் அந்தக் காய்களின் தோலை நீக்கிவிட்டு விதையை மட்டும் வேகவைத்தால், காய்ந்த பருப்பில் கிடைக்காத வெண்ணெய் போன்ற மென்மை கிடைக்கும். இங்கே கவனம் மிகவும் தேவை. பீன்ஸ் விதையில், குறிப்பாகச் சிவப்பு ரகங்களில், லெக்டின் என்னும் புரத வகையைச் சேர்ந்த நச்சுப்பொருள் உண்டு. அரைகுறையாக வெந்ததைச் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் கடுமையான வாந்தி வரும். காய்ந்த விதையை ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். கொதிநிலையை எட்டாத மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைப்பது இந்த நச்சை அழிக்காது. தக்காளி போன்ற புளிப்பான எதையும் விதை மசிகிற பதம் வந்த பிறகே சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் எவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தாலும் தோல் விறைப்பாகவே நிற்கும்.

தக்காளியின் கதை இன்னும் விரிவானது. வரத்தின் தொடக்கத்தில் வரும் பழங்கள் பெரும்பாலும் தடித்த தோலும் தூக்கலான புளிப்பும் கொண்டவை; அவற்றை நான் சமைப்பதற்கே வைத்துக்கொள்கிறேன். வெயில் நிலைத்து, கொடியிலேயே பழுத்தவை வரத் தொடங்கியதும், அடுப்பில் ஏற்ற மனம் வருவதில்லை. அறுத்து, உப்புத் தூவி, ஐந்து நிமிடம் விட்டால் தானாகவே சாறு கட்டும். அந்தச் சாற்றைவிட நல்ல குழம்பு வேறில்லை என்பது என் கருத்து. இந்தப் பழங்களைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது அவற்றுக்குச் செய்யும் அநீதி. அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 5 டிகிரி செல்சியஸ் குளிரில் ஏழு நாள் இருந்த தக்காளியில் மணப்பொருள்களை உண்டாக்கும் மரபணுக்களின் செயல்பாடு ஒடுங்கிவிடுவதையும், வெளியே எடுத்து ஒரு நாள் வைத்த பின்பும் மணம் முழுதாகத் திரும்பாததையும் காட்டினார்கள். சர்க்கரையும் புளிப்பும் அப்படியே இருந்தும் பழம் சப்பென்று இருப்பதற்கு இதுவே காரணம். ஆகவே தேவைக்கு மேல் வாங்காமல், வாங்கியதை நிழலான இடத்தில் பரப்பி வைக்கிறேன்.

வரத்து பெருகி, பழுத்தவை குவியும் நாள்களில்தான் சாந்து காய்ச்சுவது. எண்ணெயோடு வேகவைக்கும்போது தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோப்பீன் உடலில் எளிதாகச் சேரும் என்பதால், இந்த வேலையில் ருசியோடு பலனும் உண்டு. சீசாவில் அடைத்து வைப்பவர்கள் புளிப்பை நாக்கால் அளவிடக் கூடாது. புளிப்பு குறையக் குறைய ஏறும் எண்ணான அமிலக் குறியீடு (pH) 4.6-க்கு மேல் இருந்தால், காற்றுப் புகாத சீசாவுக்குள் உயிருக்கே ஆபத்தான பாட்டுலிசம் நஞ்சு உருவாக வழியுண்டு. தக்காளியோ அந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது. அரை லிட்டர் சீசாவுக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அளவில், புட்டியில் விற்கும் எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்துவிட்டு அடைப்பதே முறை. வீட்டில் பிழிந்த சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும் என்பதால் இந்த ஓர் இடத்தில் மட்டும் கடைச் சாற்றை நாடுகிறேன். செடி பட்டுப்போன பிறகும் உறைபனியில் கருகிய பிறகும் பறித்த பழங்களில் அமிலம் குறைந்திருக்கும்; அவற்றைச் சீசாவில் அடைக்கவே கூடாது. பருவத்தின் கடைசிப் பழம் என்பது வெறும் சுவை விஷயமாக மட்டும் இருப்பதில்லை.

செடியில் மிஞ்சும் பச்சைத் தக்காளிகளில், முழு அளவுக்கு வளர்ந்து தோல் மினுமினுப்பானவற்றை ஒரு பழுத்த ஆப்பிளோடு காகிதப் பையில் வைத்தால், ஆப்பிள் வெளிவிடும் எத்திலீன் வாயுவால் அவை பழுத்துவிடும். மங்கலாக, சிறுத்து நிற்பவை எத்தனை நாள் வைத்தாலும் பழுக்காது. அவற்றை நறுக்கி வதக்கிவிடுவது நல்லது.

மக்காச்சோளமும் பச்சைப் பட்டாணியும் பருவத்தைவிடப் பறித்த நேரத்துக்குக் கட்டுப்பட்டவை. பறித்த கணம் முதல் அவற்றின் சர்க்கரை மாவாக மாறத் தொடங்குகிறது. பழைய ரகச் சோளம் 30 டிகிரி வெப்பத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய பாதி இனிப்பை இழந்துவிடும். காலையில் பறித்ததை மதியமே வேகவைக்க முடிகிறது என்பதுதான் அருகில் விளைந்ததை வாங்குவதன் முழுப் பொருள். தொலைவிலிருந்து பல நாள் பயணப்பட்டு வரும் பட்டாணியைவிட, பறித்த சில மணி நேரத்தில் உறையவைத்த பட்டாணியையே நான் தேர்ந்தெடுப்பேன். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

வெள்ளரி, சுரை வகைகளில் கோடையின் கடுமையும் நீர்ப் பற்றாக்குறையும் கசப்பை ஏற்றும். வெள்ளரியில் லேசான கசப்பு காம்புப் பக்கத்திலும் தோலிலுமே தங்கும் என்பதால் அவ்விடங்களைச் சீவிவிட்டால் போதும். சுரையோ சீமைச் சுரையோ ஒரு துணுக்கைக் கடித்ததும் நாக்கு சுருங்கும் அளவுக்குக் கசந்தால், அந்தக் காயை முழுவதுமாக எறிந்துவிட வேண்டும். அதிலுள்ள குக்கர்பிட்டாசின் என்னும் கசப்பு நச்சு வேகவைப்பதால் அழியாது. வயிற்றைக் கடுமையாகத் தாக்கும். இந்த வகைக் காய்களை நறுக்கியதும் ஒரு துணுக்கைச் சுவைத்துப் பார்த்துத் துப்பும் வழக்கம் எங்கள் அடுக்களையில் நிலைத்துவிட்டது.

உருளைக்கிழங்கில் புதிதாகத் தோண்டியதன் தோல் விரலால் தேய்த்தாலே உரியும். நீர்ச்சத்து மிகுந்திருப்பதால் வேகவைத்தால் வடிவம் குலையாது. சேமித்துவைத்த பழைய கிழங்கு மாவாக உதிரும், மசிக்க ஏற்றது. எதுவானாலும் இருட்டும் காற்றோட்டமும் உள்ள இடம் வேண்டும். கடுங்குளிரில் அதன் மாவு சர்க்கரையாகி, பொரிக்கும்போது வேகுமுன்பே கருகிவிடும். வெளிச்சத்தில் பச்சை பாய்ந்து நச்சுச் சேரும்.

முற்றிய பூசணியை மட்டும் அவசரமாகச் சமைக்க வேண்டியதில்லை. தோலை நகத்தால் அழுத்தினால் கீறல் விழாமல், காம்பு காய்ந்து தக்கைபோல் இருப்பதாகப் பார்த்து, காம்போடு வாங்க வேண்டும். காம்பு ஒடிந்தால் அந்தக் காயத்தின் வழியாகவே அழுகல் தொடங்கும். சில ரகங்களில் வைத்திருக்கும்போதே மாவு சர்க்கரையாக மாறுவதால், முதலில் அறுக்கும் காயைக் காரமாக வதக்கவும், வாரக்கணக்கில் இருந்து இனிப்பேறியதைத் தோலோடு சுட்டு மசித்துக் கஞ்சியில் கலக்கவும் ஒதுக்கிவைக்கிறேன்.