எலிசபெத் காலத்து இங்கிலாந்தில் கனவான் தகுதி விலைக்குக் கிடைத்ததா?

கல்தச்சன்:
மறுமலர்ச்சிக் கால இங்கிலாந்து, பிறப்பைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் பணத்துக்கும் திறமைக்கும் இடம் கொடுத்த சமூகம் என்று இக்குழுவில் அடிக்கடி எழுதப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு சமூகம் யாரை எங்கே நிறுத்தியது என்பதை அறிய, அது யாருக்கு எந்தத் துணியை மறுத்தது என்று பார்த்தாலே போதும். 1574இல் எலிசபெத் அரசி வெளியிட்ட உடை ஆணையின்படி, ஊதா நிறப் பட்டும் பொன்னிழைத் துணியும் சேபிள் மென்மயிரும் அரச குடும்பத்துக்கே உரியவை. உயர்நிலைப் பிரபுக்கள்கூட அவற்றைச் சில ஆடைகளில் மட்டுமே பயன்படுத்தலாம். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆறு வயதைக் கடந்த சாமானியர் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாள்களிலும் இங்கிலாந்தில் பின்னிய கம்பளித் தொப்பியை அணிய வேண்டும் என்று நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. கம்பளித் தொழிலைக் காப்பதுதான் அதன் நோக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பிரபுக்களுக்கும், அவர்களுக்கு அடுத்த நிலையினரான கனவான்களுக்கும் (ஜென்டில்மேன்) விலக்கு அளிக்கப்பட்டதால், தெருவில் எதிரே வருபவரின் தலையைப் பார்த்தே அவரது தகுதியைச் சொல்லிவிட முடிந்தது. இப்படி ஒரு நாட்டையா பணத்துக்கு வழிவிட்ட நாடு என்கிறோம்?

நெய்தல்வாசகி:
கல்தச்சன் ஐயா, அதே உடை ஆணைகளை எலிசபெத் தம் ஆட்சியில் மீண்டும் மீண்டும் வெளியிட நேர்ந்தது என்பதை விட்டுவிட்டீர்கள். மக்கள் கீழ்ப்படிந்திருந்தால் ஒருமுறை சொன்னதே போதுமாயிருக்கும். அந்த ஆணைகள் பிறப்பை மட்டும் பார்க்கவில்லை. இன்ன அளவு ஆண்டு வருமானம் உள்ளவர் இன்ன துணியை அணியலாம் என்று பணத்தையும் ஒரு தகுதியாக ஏற்றுக்கொண்டன.

அக்காலத்தவரின் வாக்குமூலமே நம்மிடம் இருக்கிறது. எசெக்ஸ் மாவட்டத்து ராட்வின்டர் ஊரின் பாதிரியாரான வில்லியம் ஹாரிசன், 1577இல் வெளிவந்த தம் இங்கிலாந்து வருணனையில், கைவேலை செய்யாமல் வாழவும் கனவானுக்குரிய தோரணையையும் செலவையும் தாங்கவும் முடிந்த ஒருவர், குலச்சின்னங்களைப் பதிவு செய்யும் ஹெரால்டு எனும் அலுவலர்களிடம் பணம் கட்டிச் சின்னம் பெற்றுக் கனவானாகிவிடலாம் என்று ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். தாமஸ் ஸ்மித் என்ற அரசறிஞரோ, இங்கிலாந்தில் கனவான்கள் மலிவாகவே உருவாக்கப்படுகிறார்கள் என்று ஏளனமே செய்துவிட்டார்.

மாற்றம் மேல்தட்டோடு நின்றுவிடவும் இல்லை. தம் ஊர்ப் பெரியவர்கள் மூன்று புதுமைகளைக் கண்டு வியந்ததாக ஹாரிசன் குறிப்பிடுகிறார்: புகைபோக்கிகள் பெருகின, படுக்கை மாறியது, மரத்தட்டு போய் வெள்ளீயக் கலவைத் தட்டு வந்தது. அப்பெரியவர்கள் இளமையில் வைக்கோல் பாயில் படுத்து, உருண்டைக் கட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டவர்கள். தலையணை என்பது பிள்ளை பெற்ற பெண்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணியவர்கள். கட்டையிலிருந்து தலையணைக்கு வந்த அந்த உழவர் வீட்டைவிட, அரசவையின் பொன்னிழைத் துணி எனக்குப் பெரிய சான்றாகத் தோன்றவில்லை.

கல்தச்சன்:
தலையணை வந்தது வசதி; அதைத் தகுதி என்று கொள்ள முடியாது. இரண்டையும் தாங்கள் ஒன்றாக்குகிறீர்கள்.

பணம் கட்டிச் சின்னம் பெறலாம் என்றால், அது எந்த முகத்தோடு வர வேண்டியிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்ட்ராட்ஃபோர்டு நகரில் கையுறை தைத்து விற்ற ஜான் ஷேக்ஸ்பியருக்கு 1596 அக்டோபரில் குலச்சின்னம் வழங்கப்பட்டது. லண்டன் நாடக அரங்குகளில் அவர் மகன் வில்லியம் ஈட்டிய பணம் இதற்குப் பின்னால் இருந்தது என்று ஊகிப்பதில் தவறில்லை. ஆனால் ஆவணத்தில் கையுறையும் இல்லை, நாடகமும் இல்லை. இவருடைய முன்னோர் ஏழாம் ஹென்றி மன்னருக்கு வீரத்தோடு தொண்டாற்றிப் பரிசு பெற்றவர்கள் என்ற கதைதான் இருக்கிறது. பணமே போதுமென்றால் இல்லாத பழமையை எதற்காகச் சொல்ல வேண்டும்? அப்படிச் சொல்லியும் விடவில்லை. 1602இல் ரால்ஃப் புரூக் என்ற ஹெரால்டு, தகுதியற்றோருக்குச் சின்னம் வழங்கப்பட்டதாகத் தம் மேலதிகாரிமீது புகார் எழுப்பியபோது, அந்தப் பட்டியலில் ஷேக்ஸ்பியரின் பெயரும் இடம்பெற்றது. அது 'நடிகன்' என்ற அடையாளத்தோடு குறிக்கப்பட்டதைக் கவனியுங்கள்.

ஏட்டுப்பூச்சி:
இடையில் நுழைவதற்கு இருவரும் பொறுத்தருள வேண்டும். துணியைப் பற்றிப் பேசும்போது நாடகக் கொட்டகையை மறந்துவிடக் கூடாது. 1599இல் லண்டனுக்கு வந்த தாமஸ் பிளாட்டர் என்ற சுவிஸ் பயணி, பிரபுக்கள் இறக்கும்போது தம் சிறந்த உடைகளை வேலைக்காரர்களுக்கு விட்டுச் செல்வதாகவும், அவற்றை அணிவது வேலைக்காரர்களுக்குத் தகாது என்பதால் அவர்கள் சொற்ப விலைக்கு நடிகர்களிடம் விற்றுவிடுவதாகவும் எழுதி வைத்திருக்கிறார். ஆக, பகலில் ஒரு பென்னி கொடுத்து முற்றத்தில் நின்ற தொழிலாளி, மேடையில் பார்த்தது செத்துப்போன உண்மையான பிரபுவின் சட்டையாகவே இருந்திருக்கலாம். உடையின் மதிப்பு எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஹென்ஸ்லோ என்ற கொட்டகை முதலாளியின் கணக்கேடு பதில் சொல்கிறது: 1603இல் தாமஸ் ஹேவுட் எழுதிய ஒரு நாடகத்துக்கு அவருக்குக் கிடைத்தது 6 பவுண்டு, அந்நாடகத்தின் நாயகி பாத்திரத்துக்கு வாங்கிய கறுப்பு வெல்வெட் கவுனுக்கு ஆன செலவு 6 பவுண்டு 13 ஷில்லிங். எழுதியவரைவிடத் துணிக்கு விலை அதிகம்!

நெய்தல்வாசகி:
ஏட்டுப்பூச்சி அவர்கள் தந்த கணக்கு என் வாதத்துக்கே துணை நிற்கிறது. உடை கைமாறும்போது அது குறித்த தகுதியும் கலைந்து போகிறது. 1604இல், அதாவது முதலாம் ஜேம்ஸ் அரியணை ஏறிய மறு ஆண்டிலேயே, உடைச் சட்டங்கள் நீக்கப்பட்டன. 1611இல் அதே மன்னர் பேரோனட் என்ற புதிய பட்டத்தையே உருவாக்கி, 1,095 பவுண்டு என்று விலையும் வைத்தார். அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் முப்பது வீரர்களை மூன்றாண்டு பராமரிக்கும் செலவு என்று அதற்குப் பெயர் சூட்டியிருந்தாலும், விலை விலைதான்.

ஆனால் கல்தச்சன் ஐயா சொன்ன 'இல்லாத பழமை' என்பதை நான் மறுக்க மாட்டேன். டெர்பிஷையரில் சிறு நிலக்குடும்பம் ஒன்றில் பிறந்து, நான்கு திருமணங்கள் வழியே ஷ்ரூஸ்பரி கோமாட்டியாக உயர்ந்த ஹார்ட்விக் பெஸ் அம்மையார், 1590களில் கட்டிய மாளிகையின் ஆறு கோபுரங்களின் உச்சியிலும் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் செதுக்கி வைத்தார். கண்ணாடி விலையுயர்ந்த பொருளாக இருந்த நாளில் சுவரைவிடச் சன்னல் அதிகம் என்று ஊர் வியக்கும் வீடு அது. பழங்குடிப் பிரபு ஒருவர் இப்படி ஊரறியச் சொல்லிக்கொள்ள வேண்டிய தேவை இருந்திருக்காது. இந்த அளவுக்கு உங்கள் பக்கம் நியாயம் உண்டு.

கல்தச்சன்:
அந்த நியாயத்தை இன்னும் கொஞ்சம் கீழே கொண்டு செல்ல விரும்புகிறேன். தாங்கள் மேற்கோள் காட்டிய அதே ஹாரிசன், கூலியாட்களையும் கைவினைஞர்களையும் நான்காம் வகையில் வைத்து, அவர்களுக்கு நாட்டில் குரலும் இல்லை அதிகாரமும் இல்லை என்கிறார். 1572ஆம் ஆண்டுச் சட்டம், தலைவன் இல்லாமல் திரிபவர்களைச் சவுக்கால் அடித்து வலக்காதைச் சூடான இரும்பால் துளைக்கச் சொன்னது. பிரபு ஒருவரின் ஆதரவு இல்லாத நடிகர்களும் அச்சட்டத்தின்படி நாடோடிகளே. சின்னம் பெற்ற குடும்பத்தின் மகன் வில்லியம் ஷேக்ஸ்பியர் தொழில் செய்த நாடகக் குழுவும் அதனால்தான் அரசவைப் பிரபு ஒருவரின் பெயரைத் தாங்கி நின்றது. ஒரே மனிதர் ஒரு சட்டத்தின்படி கனவானின் மகன். இன்னொரு சட்டத்தின்படி, ஆதரவு விலகிய மறுநாளே காது துளைக்கப்பட வேண்டியவர். இதைக் கருத்தில் கொள்ளாமல் பேரோனட் விலைப்பட்டியலை மட்டும் வாசித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

ஏட்டுப்பூச்சி:
பேச்சு ஷேக்ஸ்பியர் குடும்பத்திடமே திரும்பிவிட்டதால் ஒன்றைச் சேர்க்கிறேன். சின்னம் வழங்கப்பட்டது 1596 அக்டோபரில் என்றார் கல்தச்சன் ஐயா. அதைத் தாங்கிப் பெயரோடு தொடர வேண்டிய ஒரே பேரன் ஹாம்னெட்டை, பதினொரு வயதில், அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். 1616இல் ஹாம்னெட்டின் தந்தை வில்லியம் எழுதி வைத்த உயிலில், கனவானின் அடையாளமான வாள் தாமஸ் கோம் என்ற ஊர்க்காரருக்குப் போனது. உடுத்திய உடைகள் அனைத்தும் தங்கை ஜோனுக்கு. அவருடைய கணவர் தொப்பி செய்து விற்றவர்.