டார்.ஜிஇசட் கோப்பு உலாவியில் இறக்கும்போது மட்டும் ஏன் பெருத்துவிடுகிறது?

பொம்மசந்திராவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு பொம்மசந்திராவில் உள்ள ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். எங்கள் ஓசூர் ஆலையின் இயந்திரப் பதிவுகள் வாரந்தோறும் ஒரே டார்.ஜிஇசட் கோப்பாக (பல கோப்புகளை ‘டார்’ என்ற ஒரே கட்டாக்கி, ‘ஜிசிப்’ முறையில் சுருக்கியது) கட்டப்பட்டு, உள்வலையில் இருக்கும் அப்பாச்சி என்ற வலைச் சர்வரில் வைக்கப்படுகின்றன. நான் எப்போதும் உலாவி இல்லாமல், ‘கர்ல்’ என்ற முனையக் கட்டளையால் இறக்குவேன். 46 எம்பி வரும், சிக்கல் எதுவும் இல்லை. அண்மையில் சேர்ந்த இருவர் உலாவியில் சுட்டியைச் சொடுக்கி இறக்கியபோது, பெயர் மாறாமல் அளவு மட்டும் 212 எம்பி ஆகியிருந்தது. கட்டைப் பிரிக்கும் ‘டார்’ கட்டளையை, ஜிசிப் சுருக்கத்தையும் நீக்கச் சொல்லும் ‘இசட்’ தெரிவுடன் இயக்கினால், கோப்பு ஜிசிப் வடிவில் இல்லை என்று பிழை காட்டுகிறது. கோப்பு மாறாமல் வந்ததா என்று சரிபார்க்கும் ஷா-256 மதிப்பும் பொருந்தவில்லை. இன்னொருவரின் பயர்பாக்ஸிலோ 46 எம்பியாகவே ஒழுங்காக இறங்குகிறது. வழியில் ஏதேனும் பாதுகாப்பு மென்பொருள் கோப்பில் கைவைக்கிறதா?

மடிவாளா மறுமொழி:

கோப்பு கெடவில்லை, அதன் ஜிசிப் சுருக்கம் முன்பே விரிக்கப்பட்டுவிட்டது. பெயரின் கடைசியில் உள்ள ஜிஇசட்டை நீக்கிவிட்டு, ‘இசட்’ தெரிவு இல்லாமல் ‘டார்’ கட்டளையை இயக்குங்கள், பிரிந்துவிடும். அவ்வளவுதான்.

சர்வர்க்காரன் எழுதியது:

நண்பர் மடிவாளா சொன்னது இன்றைய தேவைக்குப் போதும், ஆனால் வாரந்தோறும் இருவரையும் பெயர் மாற்றச் சொல்வது முறையாகாது. சரிபார்ப்பு மதிப்பு ஒருநாளும் பொருந்தவும் போவதில்லை.

சர்வர் கோப்போடு அனுப்பும் எச்டிடிபி மறுமொழியில் இரண்டு தலைப்புகள் (கோப்பைப் பற்றிய குறிப்பு வரிகள்) உண்டு. ‘கன்டென்ட்-டைப்’ என்பது பொருள் இன்னதென்று சொல்கிறது. ‘கன்டென்ட்-என்கோடிங்’ என்பது அந்தப் பொருளின்மேல் போடப்பட்ட சுருக்கத்தைச் சொல்கிறது. கூரியரில் வரும் பெட்டியின் மேலுறையை வாசலிலேயே கிழித்துப் போடுகிறோம். உள்ளே இருக்கும் ஊறுகாய் ஜாடியின் மூடியை வாசலில் யாரும் திறப்பதில்லை. உங்கள் ஓசூர் சர்வர் ஜாடி மூடியையே மேலுறை என்று எழுதி அனுப்புகிறது. அதாவது, கோப்பு டார் வகையைச் சேர்ந்தது, அதன்மேல் ஜிசிப் சுற்றப்பட்டிருக்கிறது என்கிறது. உலாவி அந்தச் சொல்லை நம்பி, சுருக்கத்தைப் பிரித்துவிட்டு வட்டில் எழுதுகிறது. பெயரை மட்டும் இணைய முகவரியிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்வதால், உள்ளே வெறும் டார், வெளியே ஜிஇசட் என்ற பொருத்தமின்மை உண்டாகிறது. ஜிசிப் கோப்பு எதுவாயினும் அதன் முதல் இரண்டு பைட்டுகள் 31, 139 என்றே இருக்கும். பெருத்த கோப்பில் அவை இருக்காது.

‘கர்ல்’ ஏன் தப்பியது என்றால், ‘கம்ப்ரெஸ்டு’ என்ற தெரிவைத் தராதவரை அது எதையும் விரிப்பதில்லை, வந்த பைட்டுகளை வந்தபடியே எழுதும். (பைத்தானில் இறக்குபவர்கள் கவனிக்க: ‘ரிக்வெஸ்ட்ஸ்’ தொகுப்பு உலாவியைப் போலவே விரித்துவிடும்.) பயர்பாக்ஸ் தப்பியதற்குக் காரணம் வேறு. இவ்வகைத் தவறான அமைப்புகள் உலகெங்கும் பெருகியிருப்பதால், கோப்பின் வகையோ பின்னொட்டோ ஜிசிப் என்று காட்டினால் அந்த மேலுறைச் சுருக்கத்தைப் பிரிக்காமல் விடும்படி அதில் விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அது அவர்களின் தாராள குணம். நெறிமுறைப்படி பார்த்தால் விரித்த உலாவியின்மேல் குற்றமில்லை.

சரிசெய்ய வேண்டிய இடம் அப்பாச்சியின் அமைப்புக் கோப்பு. அதில் ‘ஆட்என்கோடிங்’ என்று தொடங்கி ஜிஇசட், டிஜிஇசட் பின்னொட்டுகளைக் குறிக்கும் வரி இருக்கும். சுருக்கி வைத்த உரைக்கோப்பை உலாவியிலேயே படிக்க விரும்புபவர்களுக்கு அது பயன்படும், பதிவிறக்கத்துக்கு ஆகாது. அதை நீக்கிவிட்டு, ‘ஆட்டைப்’ வரியால் அந்தப் பின்னொட்டுகளை ‘அப்ளிகேஷன்/ஜிசிப்’ வகையாக அறிவிக்கச் சொல்லுங்கள். 2012இல் வெளிவந்த ஆர்எஃப்சி 6713 என்ற இணையத் தர ஆவணம் பதிவுசெய்த வகைப்பெயர் அது. மாற்றுவதற்கு முன், உலாவியில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் மறுமொழித் தலைப்புகளை ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எச்எஸ்ஆர் லேஅவுட் எழுதியது:

இதற்கு நேர்மாறான தவறையும் சொல்லிவிடுகிறேன். அப்பாச்சியைப் போன்ற இன்னொரு சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ், சுருக்கத்தை இயக்கினால், தன் இயல்பில் எச்டிஎம்எல் பக்கங்களை மட்டுமே சுருக்கி அனுப்பும். எங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர் எல்லா வகைகளையும் சுருக்கும்படி நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டார். முன்பே சுருங்கிய கோப்பு வழியில் மறுபடியும் சுருக்கப்பட்டது. உலாவி ஒரு சுற்றை மட்டும் பிரித்ததால் கோப்பு சரியாகவே கிடைத்தது. அதனாலேயே பல வாரங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. அனுப்பும்போதே சுருக்குவதால் மொத்த அளவை முன்கூட்டிச் சொல்ல முடியாமல் முன்னேற்றப் பட்டை காணாமற்போனது. இடையில் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும் போய்விட்டது. நான் தங்கியிருக்கும் பிஜி விடுதியின் வைஃபையில் 2 ஜிபி கோப்பை மூன்றாம் முறை தொடக்கத்திலிருந்து இறக்கியபோதுதான் தலைப்புகளைப் பார்க்க எனக்குத் தோன்றியது.

பொம்மசந்திராவாசி எழுதியது:

சர்வர்க்காரன் அண்ணா சொன்ன இரு தலைப்புகளும் அப்படியே இருந்தன. ஓசூரில் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் பேசி வரியை மாற்றிவிட்டோம். இப்போது எல்லா உலாவிகளிலும் 46 எம்பி, ஷா-256 மதிப்பும் பொருந்துகிறது. சென்ற மாதத்து 6 எம்பி கோப்பு ஒன்று மட்டும் ஒரு கணினியில் இன்னமும் விரிந்தே வந்தது. அங்கே உலாவியின் இடைச்சேமிப்பில் பழைய தலைப்பு தங்கியிருந்திருக்கிறது. கோப்பு மாறவில்லை என்று சர்வர் 304 குறியீட்டை அனுப்ப, உலாவி தன்னிடமிருந்த பழைய மறுமொழியையே மீண்டும் எடுத்துப் பிரித்திருக்கிறது. இடைச்சேமிப்பை அழித்ததும் அதுவும் சரியாகிவிட்டது.