ஹைலக்ஸின் முன் ஸ்பிரிங்: ‘வட்டக்கச்சி வீடு’ என்ற குடும்ப அரட்டைக் குழுவில் நடந்த உரையாடல்

வெள்ளி

தனுசன், மாலை 7.42
பெரியப்பா, வணக்கம். போன மாதம் என் ஹைலக்ஸ் பிக்கப்புக்கு, முன்னால் மோதலைத் தாங்கும் இரும்பு புல்பாரும், புதைந்தால் கயிற்றால் இழுத்தெடுக்கும் வின்ச்சும் பூட்டினேன். அதன் பிறகு முன்பக்கம் பதிந்துவிட்டது. பிரேக் பிடித்தால் மூக்கு நிலத்தை நோக்கிக் குனிகிறது. நவம்பர் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டார்கோப் பக்கத்து மலைப்பாதைகளை, குளிர்கால மூடலுக்குப் பின் திறந்ததும் போக வேண்டும் என்பதால், அதற்கு முன் முன்பக்கத்தை உயர்த்த நினைக்கிறேன். கடையில் 50 மில்லிமீற்றர் உயர்த்தும் ஸ்பிரிங் காட்டினார்கள். நண்பன் ஒருவன் ஸ்பிரிங்கை மாற்றாமல் 25 மில்லிமீற்றர் ஸ்பேசர், அதாவது இடையில் வைக்கும் தடித்த வளையம், ஒன்றே போதும், விலையும் கால்வாசிதான் என்கிறான். எதை வாங்கட்டும்?

பெரியப்பா, மாலை 8.05
தனுசன், எத்தனை மில்லிமீற்றர் என்று கேட்கிறாய், எத்தனை கிலோ என்று சொல்லவில்லையே. ஸ்பிரிங்கை நிறையைப் பார்த்துத்தான் வாங்குவது. நிறைக்குச் சரியான ஸ்பிரிங் உள்ளே போனால் உயரம் தானாக வரும். புல்பார் எத்தனை கிலோ, வின்ச் எத்தனை கிலோ, கழற்றி வைத்த பழைய பம்பர் எத்தனை கிலோ, மூன்றையும் எழுது. பூட்டுவதற்கு முன் அளந்து வைத்தாயா?

தனுசன், மாலை 8.11
அளந்தேன். சில்லின் நடுப்புள்ளியிலிருந்து மட்காட் விளிம்பு வரை, இடப்பக்கம் 492, வலப்பக்கம் 486 மில்லிமீற்றர். இப்போது 474, 467.

பெரியப்பா, மாலை 8.14
நல்ல பிள்ளை. நிலத்திலிருந்து அளந்திருந்தால் ரயரின் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்பியிருக்கும்.

கஜன் அத்தான், மாலை 8.30
தம்பி, ஸ்பேசரை நினைத்தும் பார்க்க வேண்டாம். என்னுடைய பழைய வாகனத்துக்கு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கராஜில், ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷொக்கின் தலைக்கு மேலே அதைத்தான் வைத்துத் தந்தார்கள். தார் வீதியில் ஒரு குறையும் தெரியவில்லை. செம்மண் பாதையில் முதல் பெரிய குழியில் இறங்கியபோது ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. இரண்டாவது பயணத்தில் வலப்பக்க ஷொக்கிலிருந்து எண்ணெய் கசிந்தது.

பெரியப்பா, மாலை 8.52
மாப்பிள்ளை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஷொக் அப்சோபரின் தலைக்கு மேலே ஸ்பேசரை வைத்தால், ஸ்பிரிங்கோடு சேர்ந்து ஷொக்கும் அந்த அளவுக்குக் கீழே இறங்கி நிற்கும். சில்லு மேலே ஏறும்போது, அந்த ஏற்றத்தை நிறுத்தும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டொப் தாங்க வேண்டிய அடியை அதற்கு முன்பே ஷொக்கின் உட்புறம் வாங்கிக்கொள்ளும். நீங்கள் கேட்ட சத்தம் அதுதான். சில்லு கீழே தொங்கும்போது முன்பிருந்ததை விட அதிகம் தொங்குவதால், சில்லைச் சட்டத்தோடு இணைக்கும் மேல் ஆர்மின் போல் ஜொயின்ற் என்ற உருண்டை மூட்டும், சில்லைச் சுழற்றும் அக்சிலின் சிவி ஜொயின்ற் என்ற மடங்கும் மூட்டும் தாங்கள் தாங்கும் கோணத்தைத் தாண்டி மடங்கும்.

இன்னொன்று. 25 மில்லிமீற்றர் ஸ்பேசர் சில்லில் 25 ஆக நிற்காது. இந்த வண்டியில் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் ஏறத்தாழ நடுவில் உட்காருகிறது. சில்லு 100 அசைந்தால் ஸ்பிரிங் 55 அளவுதான் அசையும். ஆகவே 25 ஐ 0.55 ஆல் வகுத்தால் 45 வரும். வாங்குபவர்களில் பாதிப் பேர் இதை அறியாமல்தான் வாங்குகிறார்கள்.

தர்சினி அக்கா, மாலை 9.03
பெரியப்பா, இவ்வளவையும் தட்டச்சு செய்வதற்குக் குரல் பதிவு அனுப்பலாமே?

பெரியப்பா, மாலை 9.05
குரல் பதிவில் இலக்கத்தைத் தேடி எடுக்க முடியாது, பிள்ளை.

சனி

தனுசன், காலை 10.20
நிறுத்துவிட்டேன். புல்பார் 65, வின்ச் நைலோன் கயிற்றோடு 30, விளக்குகளும் தாங்கிகளும் 7 கிலோ. கழற்றிய பம்பரும் உள் இரும்பும் 12. ஆக மொத்தத்தில் கூடியது 90 கிலோ. அப்படியென்றால் ஒரு சில்லுக்கு 45 கிலோதானே?

பெரியப்பா, காலை 10.48
இல்லை. புல்பார் முன் அச்சுக்கு மேலே இல்லை, அதற்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. சீசோப் பலகையை நினைத்துக்கொள். உன் வண்டியில் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைத்தூரம் 3,085 மில்லிமீற்றர். அந்த 90 கிலோவின் நடு, முன் அச்சிலிருந்து 800 மில்லிமீற்றர் முன்னால் இருப்பதாக எடுத்துக்கொண்டால், முன் அச்சில் ஏறுவது 113 கிலோ; பின் அச்சிலிருந்து 23 கிலோ குறையும். ஒரு முன் சில்லுக்கு 56 கிலோவுக்குச் சற்று மேல்.

ஸ்பிரிங்கை 1 மில்லிமீற்றர் அமுக்க 10 கிலோ தேவை என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். சில்லில் அது 10 ஆக நிற்காது, 0.55 ஐ இரண்டு தரம் பெருக்க வேண்டும், ஏனென்றால் விசையும் குறைகிறது, அசைவும் குறைகிறது. அப்போது 3 கிலோ வரும். 56 ஐ 3 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 19 மில்லிமீற்றர். உன் அளவுநாடா இடப்பக்கம் 18, வலப்பக்கம் 19 என்று சொல்கிறது. ஸ்பிரிங் சோரவில்லை, தன் வேலையைத்தான் செய்கிறது.

தனுசன், காலை 11.02
பின்பக்கத்தை இப்போது போய் அளந்தேன். 548 ஆக இருந்தது 551 ஆகியிருக்கிறது. 23 கிலோ குறைந்ததன் விளைவு என்று இப்போதுதான் விளங்குகிறது.

கடைப் பட்டியலில் மூன்று முன் ஸ்பிரிங் இருக்கின்றன: கூடுதல் நிறை இல்லாத வண்டிக்கு ஒன்று, 50 முதல் 100 கிலோவுக்கு ஒன்று, 100 முதல் 150 கிலோவுக்கு ஒன்று. முன் அச்சில் 113 ஏறியிருப்பதால் மூன்றாவதை எடுக்கட்டுமா? பிறகு ஒரு நாள் இரண்டாவது பட்டரி வைத்தாலும் தாங்குமே.

பெரியப்பா, காலை 11.25
அவசரப்படாதே. பட்டியலில் உள்ள நிறை நீ பூட்டும் பொருளின் நிறையா, அச்சில் ஏறும் நிறையா என்று கடையில் கேள். பொருளின் நிறை என்றால் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதன் கணக்கு அதற்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கும். நீ அதை இரண்டாம் முறை கூட்டக்கூடாது. வாங்காத பட்டரிக்கு இன்றைக்கே ஸ்பிரிங் வாங்குவதும் வேண்டாம்.

தடித்த ஸ்பிரிங் வலிமையானது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கம்பியின் தடிப்பு நான்காம் அடுக்கில் வேலை செய்யும். மற்ற அளவுகள் ஒன்றாயிருக்க, கம்பி 14 மில்லிமீற்றரிலிருந்து 15 ஆனாலே ஸ்பிரிங் 32 சதவீதம் விறைத்துவிடும். உன் நிறைக்கு அதிகமான ஸ்பிரிங்கைப் போட்டால் மூக்கு தேவைக்கு மேல் உயர்ந்து நிற்கும். சில்லு கீழே இறங்குவதற்கு மிச்சமிருக்கும் தூரம் குறையும். அலையலையாக வரிவிழுந்த கிரவல் வீதியில் சில்லு நிலத்தைத் தொட்டும் தொடாமலும் துள்ளும். துள்ளுகிற சில்லால் திரும்பவும் முடியாது, பிரேக் பிடிக்கவும் முடியாது.

தனுசன், மதியம் 12.40
கேட்டேன். பொருளின் நிறைதான் என்கிறார்கள். அப்படியானால் இரண்டாவது. அதன் உயரம் 35 மில்லிமீற்றரிலும் உண்டு, 50 இலும் உண்டு.

பெரியப்பா, மதியம் 12.58
35 ஐ எடு. விக்டோரியாவில் சஸ்பென்ஷனை 50 மில்லிமீற்றருக்கு மேல் உயர்த்தினால் பொறியியலாளரின் சான்றிதழ் வேண்டும். புது ஸ்பிரிங் எதிர்பார்த்ததை விட 5 மில்லிமீற்றர் கூடுதலாக நின்றுவிட்டால் நீ வீணாக அந்தக் கோட்டைத் தாண்டுவாய். காப்புறுதிக்காரருக்கு எப்படியும் எழுத்தில் அறிவித்துவிடு. ஆனால் எனக்கு முக்கியமான காரணம் பின்பக்கம். அங்கே இலை ஸ்பிரிங் இருக்கிறது; வெறும் வண்டியில் பின்பக்கம் உயர்ந்து நிற்பது, சாமான் ஏற்றியதும் மட்டமாகட்டும் என்பதற்காக. முன்பக்கத்தை 50 உயர்த்திவிட்டுப் பெட்டியில் கூடாரமும் தண்ணீரும் விறகும் 300 கிலோ ஏற்றினால், வண்டி வானத்தைப் பார்க்கும். எதிரே வருபவர்களின் கண்ணில் உன் விளக்கு அடிக்கும்.

பழைய ஷொக்கைப் புது ஸ்பிரிங்கோடு போடாதே. விறைத்த ஸ்பிரிங் திரும்பி விரியும்போது அதைப் பிடித்து நிறுத்தும் பலம் பழையதில் இல்லை. ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் மூன்று தரம் ஆடும்.

அம்மா, மதியம் 1.15
அத்தான், இவன் வண்டியை உயர்த்துவது இருக்கட்டும், என் முழங்காலோடு நான் அதில் எப்படி ஏறுவது? இப்போதே கதவுக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறுகிறேன்.

பெரியப்பா, மதியம் 1.20
உங்கள் பக்கக் கணக்கையும் சேர்த்துத்தான் 35 என்றேன். தனுசன், இடப்பக்கத்துக்கு ஒரு படியைப் பூட்டிவிடு.

அடுத்த சனி

தனுசன், காலை 7.30
இன்றைக்கு நானும் அத்தானும் வீட்டிலேயே பூட்டப் போகிறோம். கடையில் ஸ்பிரிங்கையும் ஷொக்கையும் ஒன்றாகச் சேர்த்துத் தந்திருக்கிறார்கள். செய்யக்கூடாதது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

பெரியப்பா, காலை 7.41
சேர்த்தே வாங்கியது புத்தி. அமுங்கிய ஸ்பிரிங்குக்குள் இருக்கும் விசை ஆளைக் கொல்லும். பழையதைப் பிரிக்க ஆசைப்பட்டு அதன் தலை நட்டைக் கழற்றாதீர்கள், அப்படியே வைத்துவிடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி உள்ளே குனியாதீர்கள், சட்டத்துக்குக் கீழே தாங்கி வையுங்கள்.

கீழ் ஆர்மின் உள்முனையில் கேம் போல்ட் இருக்கும்; அதைத் திருப்பினால் சில்லின் கோணம் மாறும். அதைத் தளர்த்துவதற்கு முன், அது நிற்கும் இடத்தில் வெள்ளைப் பெயின்ரால் ஒரு கோடு போடுங்கள். சில்லு அந்தரத்தில் தொங்கும்போது அந்தப் போல்ட்டுகளைக் கடைசி இறுக்கு இறுக்கவே கூடாது. புஷ் என்பது இரும்போடு ஒட்டிய ரப்பர். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தன் காலில் நின்றதும் அந்த ரப்பர் முறுகிய நிலையிலேயே ஆயுள் முழுவதும் இருக்கும். வண்டியை இறக்கி, புல்பாரைப் பிடித்து நாலைந்து தரம் அமுக்கி ஆட்டிவிட்டு, அதன் பிறகு கீழே படுத்து இறுக்குங்கள்.

கஜன் அத்தான், காலை 7.50
மாமா, எனக்கு இப்போதுதான் ஒன்று புரிகிறது. அந்தக் கராஜில் வண்டியை உயர்த்தி வைத்தபடியே காற்றுத் துப்பாக்கியால் எல்லாவற்றையும் இறுக்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு வருடத்தில் இரண்டு புஷ்ஷும் கிழிந்தன. வீதியில்தான் பிழை என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

தனுசன், மாலை 4.35
முடிந்தது. இடப்பக்கம் 533, வலப்பக்கம் 529. பிரேக் ஹோஸும் சில்லுணரியின் வயரும் ஸ்ரியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்தபோதும் இழுபடவில்லை. ஆனால் வீதியில் ஓட்டினால் ஸ்ரியரிங் வெறுமையாக இருக்கிறது. வளைவில் திருப்பிக் கையை விட்டால் தானாக நேராக வர மறுக்கிறது.

பெரியப்பா, மாலை 4.50
எதிர்பார்த்ததுதான். முன்பக்கம் உயரும்போது மேல் போல் ஜொயின்ற் முன்னோக்கி நகர்ந்து, காஸ்ரர் கோணம், அதாவது சில்லு திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, குறைந்துவிடும். ஸ்ரியரிங்கை நேருக்குக் கொண்டுவருவது காஸ்ரர்தான். சில்லுக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ற் வேலையைச் செய்யும் வரை நெடுஞ்சாலைப் பக்கம் போகாதே. ‘ரோ (முன் சில்லுகள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம்) மட்டும் சரிசெய்தால் போதும்’ என்று சொல்லும் இடத்துக்கும் போகாதே. கேம் போல்ட்டைத் திருப்பிக் காஸ்ரரைக் கூட்டச் சொல், அச்சடித்த தாளையும் கேட்டு வாங்கு.

திங்கள்

தனுசன், மதியம் 12.10
தாள் கையில் இருக்கிறது. காஸ்ரர் முன்பு இடம் 1.6, வலம் 1.4 பாகை, இப்போது இடம் 2.7, வலம் 2.4. இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லையே, திருப்பி அனுப்பட்டுமா?

பெரியப்பா, மதியம் 12.22
வேண்டாம், செய்தவர் தொழில் தெரிந்தவர். நாம் இடப்பக்கம் ஓடுகிறோம். மழைநீர் வடிவதற்காக வீதி இடக்கரைப் பக்கம் சரிந்திருக்கும். காஸ்ரர் குறைந்த பக்கத்துக்குத்தான் வண்டி இழுக்கும் என்பதால், இடப்பக்கத்தில் சற்றுக் கூட்டி வைத்து அந்தச் சரிவை ஈடுகட்டியிருக்கிறார். 50 உயர்த்தியிருந்தால் கேம் போல்ட்டால் இந்த அளவுக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம். புது மேல் ஆர்ம்களும் வாங்க நேர்ந்திருக்கும்.

தனுசன், மதியம் 12.31
கையை விட்டால் தானாக நேராகிறது, பெரியப்பா. வேறு வண்டி போல இருக்கிறது.

மூன்று வாரங்களுக்குப் பின், ஞாயிறு

தனுசன், காலை 9.15
800 கிலோமீற்றர் ஓடிவிட்டேன். இடப்பக்கம் 528, வலப்பக்கம் 523.

பெரியப்பா, காலை 9.33
புது ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கித்தான் தன் இடத்தைப் பிடிக்கும். தொடக்கத்தில் இருந்த 492, 486 இலிருந்து பார்த்தால் 36, 37; நாம் கேட்டது 35. வலப்பக்கம் 5 மில்லிமீற்றர் தாழ்ந்திருப்பதற்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை, முன்பு 6 ஆக இருந்தது. இப்போது முன் விளக்கைச் சுவருக்கு நேரே நிறுத்தித் தாழ்த்து, போல்ட்டுகளை இன்னொரு தரம் இறுக்கிப் பார்.

அம்மா, காலை 9.40
படி?

தனுசன், காலை 9.41
இன்றைக்கே பூட்டுகிறேன், அம்மா.