சிங்கப்பூர் – நியூயார்க்: 15,300 கிலோமீட்டருக்குப் பதினெட்டே முக்கால் மணி நேரம் ஏன்?

கேள்வி:
வணக்கம். சிங்கப்பூரில் இருக்கும் என் அம்மா, பேத்தியைப் பார்க்க வரும் ஜனவரியில் நியூயார்க்குக்கு இடைநில்லா விமானத்தில் தனியாக வருகிறார். தொலைவு ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர், வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று படித்தேன். வகுத்தால் 17 மணி நேரம்தான் வருகிறது. பயண நேரமோ 18 மணி 45 நிமிடம் என்று போட்டிருக்கிறது. நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்டு, அதே நாள் காலை 5.45க்குச் சேரும் என்பதும் புரியவில்லை. அம்மாவுக்கு வயது 71. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர். உண்மையில் எத்தனை மணி நேரம் அவர் விமானத்தில் இருப்பார்?

பதில் 1:
பயண நேரம் என்று போட்டிருப்பதுதான் சரி. ஜனவரியில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 13 மணி நேரம் பின்தங்கியிருக்கும். விமானம் தரையிறங்கும்போது சிங்கப்பூரில் மாலை 6.45, அதில் 13 மணி நேரத்தைக் கழித்தால் காலை 5.45.

பதில் 2:
15,300 கிலோமீட்டர் என்பது மிகக் குறுகிய வழியின் நீளம். உலக உருண்டையில் இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது வடதுருவத்தை ஒட்டிச் செல்லும். விமானம் அந்த நூலின் மேல் பறப்பதில்லை. ஜப்பானுக்குக் கிழக்கே வட பசிபிக்கின் மேல், மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வளிக் காற்றோட்டம் குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும் என்பதால், பல நூறு கிலோமீட்டர் சுற்றிச் சென்றாலும் அந்தக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு பறப்பதே எரிபொருளுக்கு ஆதாயம். இருக்கைக்கு முன்னுள்ள திரையில், தரையைப் பொறுத்த வேகம் 1,100 வரை ஏறுவதை உங்கள் அம்மாவே பார்க்கக்கூடும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும், மேலேறி இறங்கும் நேரமும் அந்த 18 மணி 45 நிமிடக் கணக்கில் அடங்கியவையே.

இத்தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் வரை கொள்ளும். அந்த எடையைச் சமாளிக்கவே 161 இருக்கைகள் மட்டும் வைத்திருக்கிறார்கள். சாதாரண எகானமி வகுப்பே கிடையாது.

பதில் 3:
மாத்திரை விஷயத்தில் ஊர் மணியைப் பார்க்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. என் தந்தையை இதே தடத்தில் அனுப்பியபோது, மருத்துவரைக் கேட்டு, 'புறப்பட்டு 6 மணி நேரம் கழித்து', '14 மணி நேரம் கழித்து' என்று மாத்திரை அட்டையின் பின்புறத்திலேயே எழுதிக் கொடுத்தோம்; கைக்கடிகாரத்தை இறங்கும்வரை சிங்கப்பூர் நேரத்திலேயே வைத்திருந்தார். மருந்துகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஒரே மூச்சில் உட்கார இயலாதவர்களுக்கு பிராங்க்ஃபர்ட்டில் நின்று செல்லும் விமானமும் உண்டு. மொத்த நேரம் கூடும், ஆனால் நடுவில் நடக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. ஜூன் மாதம் அவர் திரும்பும்போது எதிர்க்காற்றில் நேரம் கூடுமா?

பதில் 2:
பெரிதாகக் கூடாது. திரும்பும் விமானம் பெரும்பாலும் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக மீண்டும் கிழக்கு நோக்கியே பறக்கும். ஆக, போய் வருவதற்குள் அம்மா உலகையே ஒரு சுற்றுச் சுற்றியிருப்பார். கோடையில் நியூயார்க்கில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திவிடுவதால், ஜூனில் நேர வேறுபாடு சரியாக 12 மணி நேரம். முள் கடிகாரம் கட்டியிருந்தால் அதைத் திருப்பவே வேண்டியதில்லை.