அசையாத எடை: குளுக்கோமன்னன் (எடை குறைக்க எடுக்கும் ஒரு நார்ச்சத்து) எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். முதலில் ஓரளவு இறங்கிய எடை இப்போது அசையவே மாட்டேன் என்கிறது. உடல் இளைத்தால் அதன் கலோரித் தேவையும் குறையும், அதனால் இப்படி நிற்பது இயல்புதான் என்று தெரியும். தைராய்டு பரிசோதனையும் சரியாகவே வந்தது.

சாப்பிடும் முறையை மாற்றியதில் எனக்குப் பலன் தெரிகிறது. போனைத் தள்ளி வைத்துவிட்டு மெதுவாக மென்று சாப்பிடுகிறேன். வயிறு நிறைந்தது மூளைக்கு உறைக்கச் சுமார் 20 நிமிடம் ஆகும் என்பதால், மறுபடி பரிமாறிக்கொள்ளும் முன் கொஞ்சம் காத்திருக்கிறேன். பகலில் இது நன்றாக நடக்கிறது. இரவில்தான் வம்பு: பசியே இருக்காது, ஆனாலும் கை தானாக டப்பாவைத் தேடும்.

அப்புறம் சப்ளிமென்ட். பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அதிலுள்ள இஜிசிஜி (EGCG) என்ற வேதிப்பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொல்லியிருக்கிறது. ‘கொழுப்பை எரிக்கும்’ என்று விற்கும் பலவற்றில் காஃபீன் இருக்கிறது. என் தூக்கத்துக்கு அது ஆகாது. மனதில் இருப்பது குளுக்கோமன்னன் நார்ச்சத்து மட்டும்: உணவுக்கு முன் 1 கிராம் வீதம் மூன்று வேளை, நிறையத் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

எடுத்தவர்கள் சொல்லுங்கள்: வயிற்று உப்பசம் எப்போது அடங்கியது? வேறு மாத்திரைகளும் எடுப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள்? இரவுக் கொறிப்பை நிறுத்த உங்களுக்கு எது உதவியது? பொடி விற்பவர்கள் மட்டும் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம், ப்ளீஸ்.