சமன்பாட்டின் ஒரு துண்டை மட்டும் நகலெடுத்து ஒட்டுதல்: உங்கள் அனுபவம் என்ன?

வினாத்தாள் தட்டச்சர்:
பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாள்களை வேர்டில் தட்டச்சு செய்து தருவது என் தொழில். இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தில், வர்க்கமூலத்துக்குள் இருக்கும் தன்மைகாட்டியை (b² − 4ac) மட்டும் எடுத்து அடுத்த வரியில் ஒட்டவேண்டிய தேவை அடிக்கடி வரும். மவுஸை இழுத்துத் தேர்ந்தெடுக்கும்போது அது மூலக்குறியின் எல்லையை இம்மியளவு தாண்டினாலும் வர்க்கமூலம் முழுவதும் தேர்வாகிவிடும். பின்னக் கோட்டைத் தாண்டினாலோ பின்னமே முழுதாக வந்து சேரும். சமன்பாட்டை எழுத்துகளின் வரிசையாக அல்லாமல் பெட்டிக்குள் பெட்டியாகவே மென்பொருள் வைத்திருப்பதால், பாதிப் பெட்டியைத் தேர்ந்தெடுக்க அது இடங்கொடுப்பதில்லை. ஆகையால் துண்டின் தொடக்கத்தில் கர்சரை நிறுத்தி, ஷிஃப்ட் விசையுடன் அம்புக்குறி விசையை அழுத்தி எழுத்தெழுத்தாக நகர்வதே எனக்குக் கைகொடுக்கிறது. கோவை மிகவும் சிக்கலாக இருந்தால் அதை ‘லீனியர்’ வடிவத்துக்கு மாற்றிவிடுவேன். பின்னக் கோடு சாய்கோடாகி, எல்லாம் ஒரே வரியில் வந்துவிடுவதால், வேண்டியதைச் சாதாரண எழுத்தைப் போலவே எடுத்துக்கொள்ளலாம்; பிறகு ‘புரொஃபஷனல்’ வடிவத்துக்குத் திருப்பினால் போதும். ஒட்டும் இடத்திலும் ஒரு கண் வேண்டும். அடுக்கை எழுதியபின் வலது அம்புக்குறியை அழுத்தி வெளியே வராமல் ஒட்டினால், கோவை முழுவதும் அடுக்காகிப் பொடி எழுத்தில் மேலே ஏறிக்கொள்ளும்.

கல்லூரி விரிவுரையாளர்:
நான் பயன்படுத்துவது லிப்ரேஆபிஸ் மேத் என்ற சமன்பாட்டு மென்பொருள். அதில் சூத்திரம் கட்டளைச் சாளரத்தில் வெறும் உரையாகவே இருப்பதால் துண்டை எடுப்பதில் சிரமம் இல்லை; நெளிவு அடைப்புக்குறிகள் இணை பிரியாமல் வருகின்றனவா என்று மட்டும் பார்க்கவேண்டும். பின்னத்தின் தொகுதியை எடுக்கையில் மூடும் அடைப்புக்குறி விடுபட்டால், சூத்திரத்தில் தலைகீழ்க் கேள்விக்குறி ஒன்று முளைக்கும். எஃப்3 விசை நேராகப் பிழையிருக்கும் இடத்துக்கே கொண்டுபோகும். பிழை அந்த இடத்திலேயே கண்ணில் படுவதால், வேர்டைவிட இதுவே மேல் என்பது என் கருத்து.

பழைய வினா வங்கி வைத்திருப்பவர்:
என் கோப்புகள் பலவும் வேர்டு 2007 வருவதற்கு முன் உருவானவை. அவற்றிலுள்ள சமன்பாடுகள் ‘ஈக்வேஷன் எடிட்டர் 3.0’ கொண்டு எழுதப்பட்டவை. பாதுகாப்புக் குறைபாட்டின் காரணமாக மைக்ரோசாஃப்ட் அந்தக் கருவியை 2018 ஜனவரிப் புதுப்பிப்பில் நீக்கிவிட்டது. சமன்பாடு திரையில் தெரிகிறது, அச்சிலும் வருகிறது. ஆனால் என்னிடமுள்ள வேர்டில் இருமுறை சொடுக்கினாலும் திறப்பதில்லை என்பதால், முழுச் சமன்பாட்டை நகலெடுக்கலாமே தவிர ஒரு துண்டை எடுக்க வழியில்லை. மேத்டைப் என்ற தனிச் சமன்பாட்டு மென்பொருள் இருந்தால் அதில் திறந்து திருத்தலாம். இரண்டொரு சமன்பாடுகள் மட்டுமென்றால் நான் புதிதாகவே தட்டச்சு செய்துவிடுகிறேன்.