39 எச்.பி. வண்டியில் சதுரக்கட்டு பேலர்: திணறுகிறது

மன்னார்குடி பக்கம் வயல். சம்பா வைக்கோல் கட்டுவதற்காகப் போன மாதம் பழைய சதுரக்கட்டு பேலர் (வைக்கோலை அமுக்கிக் கட்டாக்கும் மெஷின்) ஒன்று வாங்கினேன். விற்றவர் "எந்த வண்டியும் இழுக்கும் அண்ணே" என்றார். நம்பியது என் தப்பு.

டிராக்டர் 39 எச்.பி., 2015 மாடல், சிங்கிள் கிளட்ச். பேலரைச் சுழற்றும் பின்பக்கத் தண்டான பி.டி.ஓ.வில் 33 எச்.பி. வந்தாலே அதிகம். வெயில் ஏறிக் காய்ந்த வைக்கோல் என்றால் ஒருமாதிரி ஓடிவிடுகிறது. பனி ஈரம் இருந்தாலோ, அறுவடை மெஷின் போட்ட வரிசை தடியாக இருந்தாலோ பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் நிற்பதில்லை, எஞ்சின் அடங்கிப் புகை கக்குகிறது. பேலருக்குள்ளே வைக்கோலை அமுக்கும் ஒவ்வொரு குத்துக்கும் வண்டியே முன்னும் பின்னும் ஆடுகிறது. இரண்டு வாரத்தில் பாரம் மிஞ்சினால் தானே உடைகிற ஷியர் போல்ட் நாலு போச்சு.

இதைவிடத் தொல்லை கிளட்ச்தான். பேலர் வாயில் வைக்கோல் அடைக்கும்போது வண்டியை நிறுத்த மிதித்தால் பி.டி.ஓ.வும் சேர்ந்து நின்றுவிடுகிறது. அப்புறம் எஞ்சினை அணைத்து, இறங்கிக் கையால் பிடுங்க வேண்டும்.

லோ கியரில் ஓட்டிப் பார்த்தேன். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் புதுசு. பேலர் கத்தி தீட்டியாச்சு. டீசல் பம்ப் சரி என்கிறார் மெக்கானிக். கட்டின் இறுக்கத்தைக் குறைத்தால் ஏற்றும்போதே அவிழ்கிறது.

இரண்டையும் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: இதே வண்டிக்குச் சின்ன உருளைக்கட்டு பேலர் மாற்றுவதா, வண்டியை நிறுத்தினாலும் பி.டி.ஓ. ஓடுகிற டூயல் கிளட்ச் உள்ள 50 எச்.பி. வண்டிக்குப் போவதா?